ஏளா என்று கூப்பிட்ட காட்சி

வரதராஜன் பொய் சொல்லுகிறார்.

இரண்டு வாரத்துக்கு முன் இதே பத்திரிகையில் அவர் எழுதிய கடிதத்தை எல்லாரும் படித்திருப்பீர்கள். மாதுங்காவில் ஞாயிற்றுக்கிழமை காலையில் தமிழ்ப் படம் போட்டதைப் பற்றி நான் இந்தத் தொடரில் எழுதியதைப் பாராட்டியிருந்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். மெட்ராஸிலிருந்து வந்த படத்தை வந்தபடியே காட்டினோம், ஓர் அடிகூட வெட்டியதில்லை என்று சேர்த்துக்கொண்டார். ஜெயிலிலிருந்து வந்த அப்பா கல்யாணப் பந்தலில் செத்துப்போகும் காட்சியில் ஹால் மொத்தமும் அழுததாம். அதுதான் நடிப்பின் பெருமையாம்.

வெட்டினோம். அவர் சொன்னார், நான் வெட்டினேன். கத்தரிக்கோல் என் கையில் இருந்தது. அழுகையைப் பற்றி அவர் எழுதியதும் தப்பு. ஆனால் அது அவருக்குத் தெரியாது. அதற்காக நான் அவரைக் குற்றம் சொல்லவில்லை.

அந்தப் படம் போட்ட மூன்றாவது ஞாயிறு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. நான் படம் ஓட்டுகிற ஆபரேட்டர் ரூமில் புரொஜெக்டர் கார்பன் எரிகிற சூடு. பனியன் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சுவரில் உள்ள சின்ன ஓட்டை வழியாகக் கீழே பார்க்கிறேன். முன்னால் பெண்கள் வரிசையில், ஓரத்திலிருந்து இரண்டாவது நாற்காலியில் என் மதினி. தலை நிமிர்ந்திருக்கிறது. ஒரு காட்சிக்காகக் காத்திருக்கிறாள். அது வராது என்று எனக்குத் தெரியும்.

அழாத மனுஷி

மதினி என்றால் அண்ணன் மனைவி. எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்லுவோம். பெயர் ஞானம். என் அண்ணன் தாராவியில் தோல் பட்டறையில் வேலை பார்த்தான். அவன்தான் என்னைப் பம்பாய்க்குக் கூட்டி வந்தவன். ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து ஆறு நாளில் போய்விட்டான். அப்போது அவர்களுக்கு இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை இருந்தது. ஸ்டெல்லா.

ஆஸ்பத்திரியில் இந்தியில் கேள்வி கேட்டார்கள், மராட்டியில் எழுதிய காகிதத்தை நீட்டினார்கள். மதினி எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். கைநாட்டு வைத்தாள். மழை விடுவதற்குள் கல்லறைக்குக் கொண்டு போனோம். மதினி அழவில்லை.

சபைப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து பார்த்தார்கள். ஒருத்தி கட்டிப்பிடித்து ஒப்பாரியை எடுத்துக் கொடுத்தாள். மதினி அவள் முதுகைத் தட்டிக் கொடுத்தாள். அழவந்தவளை இவள் தேற்றுகிற மாதிரி ஆகிவிட்டது. அப்புறம் சந்து முழுக்க ஒரே பேச்சு. கல்லு என்றார்கள். புருஷன்மேல் பிரியம் இருந்தால் தண்ணீர் வராமலா இருக்கும் என்றார்கள்.

நானும் சும்மா இருக்கவில்லை. மூன்றாம் நாள் அவள் பக்கத்தில் குனிந்து, "கொஞ்சம் அழுதிருங்க மதினி, நாலு பேரு பாக்காவ" என்று சொன்னேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "வந்தா அழ மாட்டனா தம்பி?" என்றாள்.

இதை எழுதும்போது என் வாயில் நானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருக்கிறது. பார்க்க ஆள் இருந்தால் அழுகை வராது. அந்த வயதில் எனக்கு அது தெரியவில்லை.

கைக்குட்டை எழும்பும் இடம்

என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வாரம் முழுக்க அந்த மாதுங்கா தியேட்டரில் இந்திப் படம் ஓட்டினேன். ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும் தமிழ்ச் சங்கத்துக்காரர்கள் ஹாலை வாங்கித் தமிழ்ப் படம் போடுவார்கள். அந்தச் சங்கத்துக்கு வரதராஜன்தான் செயலாளர். மாதுங்காவில் இரண்டு தலைமுறையாக இருக்கும் குடும்பம், கோட்டைப் பக்கம் ஆபீஸ் வேலை, இஸ்திரி போட்ட சட்டை. தமிழ் தெரிந்த ஆபரேட்டர் வேண்டும் என்று தியேட்டர் முதலாளியிடம் பேசி என்னை அந்த ஞாயிறுகளுக்கு வைத்தவர் அவர்தான். அந்த நன்றி எனக்கு இன்றைக்கும் உண்டு.

ஆபரேட்டர் படம் பார்ப்பதில்லை. ஜனத்தைப் பார்ப்பான். ஒரே படத்தை நாற்பது தடவை ஓட்டுகிறவனுக்குத் திரையில் என்ன இருக்கிறது? ஓட்டை வழியாகத் தலைகள் தெரியும். எந்த ரீலில் எந்த இடத்தில் இருட்டுக்குள் வெள்ளையாகக் கைக்குட்டை எழும்பும் என்று எனக்குத் தெரியும்.

வயலின் அலறுகிற இடத்தில் எழும்பாது. கதாநாயகி தரையில் புரளும்போது எழும்பாது. அவள்தான் நமக்கும் சேர்த்து அழுதுவிட்டாளே. ஓர் இந்திப் படத்தில் மகள் ரயிலேறிப் போய்விடுவாள். பெரிய பாட்டு, பெரிய புகை. ஜனம் கடலை தின்னும். அடுத்து வீட்டு வேலைக்காரன் வருவான், வாசலில் கிடக்கும் அவளுடைய பழைய செருப்பை எடுத்து, மழை படாமல் உள்ளே தள்ளி வைப்பான். ஒரு வார்த்தை பேச மாட்டான். அங்கே ஹால் முழுக்க வெள்ளை எழும்பும். பால்கனியில் உட்கார்ந்திருக்கிற சேட்டுகள்கூட மூக்கைத் துடைப்பார்கள்.

இதை நான் வரதராஜனிடம் ஒருதரம் சொன்னேன். சிரித்தார். "உனக்கு ரொம்பப் படம் ஓட்டி மண்டை சூடாயிடுத்து சாமுவேல்" என்றார்.

சாவுக் காட்சியில் அழுகிறார்களே என்று கேட்பீர்கள். அழுகிறார்கள். ஆனால் அழுதுகொண்டே பக்கத்தில் திரும்பிப் பார்ப்பார்கள், அவள் அழுகிறாளா என்று. துக்க வீட்டில் பார்ப்பது போலத்தான். அந்த அழுகை வெளியே வெயிலில் வந்ததும் காய்ந்துவிடும். டீக்கடைக்குப் போகும் வரைகூட நிற்காது.

இந்தா வாரேன்

அந்தப் படத்துக்கு வருகிறேன். பெயர் வேண்டாம். செய்யாத குற்றத்துக்கு ஜெயிலுக்குப் போன அப்பா, மகள் கல்யாணத்தன்று திரும்பி வந்து, தான் யாரென்று சொல்லாமலே பந்தல்காலைப் பிடித்தபடி சாகிறார். அதுதான் கதை.

நடுவில் காமெடி தனியாக ஓடும். ஒரு வண்டிக்காரன், அவன் பெண்சாதி. நடித்தவர் பெயர் போஸ்டரில்கூடக் கிடையாது. பேச்சு மட்டும் அசல் திருநெல்வேலி. ஒரு காட்சியில் அவன் வெளியே கிளம்புவான், துண்டைக் காணோம். வாசலில் நின்றபடி உள்ளே பார்த்துக் கூப்பிடுவான். "ஏளா." சத்தமில்லை. "ஏளா, என் துண்ட எங்களா வச்ச?" துண்டு அவன் தோளில்தான் கிடக்கும். பெண்சாதி மாவுக் கையோடு வந்து அதை உருவி அவன் முகத்தில் அடித்துவிட்டு உள்ளே போவாள். ஹால் சிரித்து உருளும்.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் அந்த நடிகர் ஒன்று செய்தார். இரண்டு எட்டு நடந்து, நின்று, திரும்பி, மூன்றாவது தரம் "ஏளா" என்பார். மெதுவாக. கேட்க ஒன்றுமில்லை. சும்மா கூப்பிடுவார். அவ்வளவுதான் காட்சி.

ஏளா என்பது எங்கள் பக்கத்தில் பெண்ணைக் கூப்பிடுகிற வார்த்தை. தாய் மகளைக் கூப்பிடுவாள், புருஷன் பெண்சாதியைக் கூப்பிடுவான். படித்தவர்களுக்கு அது மரியாதைக் குறைவு. என் அண்ணன் மதினியை ஞானம் என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை. ஏளாதான். அவன் போன பிறகு அவள் எனக்கு மதினி, சந்துக்கு ஞானக்கா, வேலை பார்த்த வீடுகளில் வேலைக்காரியைக் கூப்பிடுகிற பாயி. ஊரில் தாய் தகப்பனும் இல்லை. அவளை அந்த வார்த்தை சொல்லிக் கூப்பிட உலகத்தில் ஆள் கிடையாது.

முதல் ஞாயிறு அவளைப் படத்துக்கு இழுத்துக்கொண்டு வந்தவள் பக்கத்து வீட்டு ஆயிஷா அக்கா. அவள் புருஷன் வீட்டிலேயே பெல்ட் தைக்கும் பட்டறை வைத்திருந்தார். காயல் பக்கத்துக்காரர்கள். சபையில் ஏற்கெனவே முணுமுணுப்பு. புருஷன் செத்து ஆறு மாதம் ஆகவில்லை, கோயில் ஆராதனையை விட்டுவிட்டு ஒருத்தி சினிமாவுக்குப் போகிறாள் என்றால் சும்மா விடுவார்களா?

படம் விட்டபின் ஆயிஷா அக்கா மாடிப்படியில் என்னைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். "ஒங்க மதினி படத்துக்குப் பதில் சொல்லுதா, தெரியுமா?" என்றாள்.

நடந்தது இதுதான். அந்த வண்டிக்காரன் மூன்றாவது தரம் கூப்பிட்டதும் மதினி இருட்டுக்குள், "இந்தா வாரேன்" என்று வாய்விட்டுச் சொல்லி, எழுந்திருக்கக் கையை ஊன்றியிருக்கிறாள். பின்வரிசையில் சிரித்திருக்கிறார்கள், தமாஷ் பண்ணுகிறாள் என்று. அவள் அப்படியே உட்கார்ந்து, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதிருக்கிறாள். ஹால் சிரித்துக்கொண்டிருந்ததால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அத்தனை மாதமாக வராதது அன்றைக்கு வந்தது. அப்பா பந்தலில் செத்தபோது அவள் அழுது முடித்து முகத்தைத் துடைத்துவிட்டாளாம்.

இரண்டாவது ஞாயிறு அவளாகவே வந்தாள். திரும்ப நடக்கும்போது நான் கேட்டேன். நம் சந்தில் நாள் முழுக்க இந்த வார்த்தைதானே கேட்கிறது, அதைக் கேட்டு வராத அழுகை ஒரு சினிமாக்காரன் சொன்னால் ஏன் வருகிறது என்று.

பாலம் ஏறி இறங்கிய பிறகு சொன்னாள்: "சந்துல கூப்பிட்டா, அவன் பொண்டாட்டி என்னன்னு கேட்டுருவா தம்பி. இங்க மூணாந்தரம் கூப்பிடுதப்ப யாரும் என்னன்னு கேக்கலல்லா."

வயலின், நடிப்பு, வசனம் என்று படித்தவர்கள் எழுதுவதையெல்லாம் அப்புறம் நான் நிறையப் படித்தேன். என் மதினி சொன்னதற்குமேல் ஒருவரும் சொல்லவில்லை. திரையில் ஓர் இடம் காலியாக இருக்க வேண்டும். அதில் பார்க்கிறவன் போய் நிற்க வேண்டும். நிற்க இடம் விடாமல் நடிகரே அடைத்துக்கொண்டு நின்றால் நாம் வெளியே நின்று கைதான் தட்ட முடியும்.

சனிக்கிழமை வந்த உத்தரவு

இரண்டு ஞாயிறும் படம் பத்து நிமிஷம் நீண்டுவிட்டது. பகல் இந்திப் படத்துக்கு ஆள் வாசலில் நின்றுகொண்டு கத்தினார்கள். இன்னொரு தடவை இப்படி ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஹால் கிடையாது என்று தியேட்டர் முதலாளி சொல்லிவிட்டார். அது நியாயம்தான்.

சனிக்கிழமை மத்தியானம் வரதராஜன் ஆபரேட்டர் ரூமுக்கு வந்தார். சூடு தாங்காமல் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "காமெடி மொத்தத்தையும் தூக்கிடு. கதைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லே. ஏளா கீளான்னு அவன் பேசற பேச்சுக்கு ஃபேமிலியோட வர்றவா முகம் சுளிக்கறா."

சாவுக் காட்சியில் இரண்டு நிமிஷம், பாட்டில் பாதி என்று எடுத்தால் கணக்கு சரியாகிவிடும் சார், காமெடியில் கை வைக்க வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன்.

"அழற சீன்ல ஓர் அடி தொடாதே," என்றார். "ஜனங்க அழறதுக்குத்தான் வரா."

அப்போது நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சார், என் அண்ணன் செத்துப்போனான், அவன் பெண்சாதிக்கு அந்தக் காட்சியில்தான் அழுகை வருகிறது என்று சொல்லியிருக்கலாம். அவர் கெட்ட மனுஷர் இல்லை. கேட்டிருந்தால் அந்த மூன்று நிமிஷத்தையாவது விட்டிருப்பார். அண்ணன் செத்தபோது ஒரு வாரம் லீவு வாங்கிக் கொடுத்தவர் அவர்.

நான் சொல்லவில்லை. வெட்கம். கோமாளியைப் பார்த்து அழுகிற விதவை என்று மாதுங்காவில் மாலை காபியோடு பேசிச் சிரிப்பார்களே என்று பயம். ஞாயிற்றுக்கிழமை வேலை போய்விடுமோ என்ற பயமும் உண்டு. எது பெரிய பயம் என்று இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு உறுதியாகத் தெரியவில்லை.

வெட்டினேன். துண்டுகளைச் சுருட்டி ஒரு தகர டப்பாவில் போட்டேன். படத்தைத் திருப்பி அனுப்பும்போது ஒட்டி அனுப்ப வேண்டும், அதுதான் வழக்கம். மூன்றாவது ஞாயிறு காலையில் படம் தொடங்குவதற்கு முன் எனக்கு ஒரு மணி நேரம் இருந்தது. பிலிம் ஒட்டுகிற சிமெண்ட் மேஜையில் இருந்தது. அந்த ஒரு துண்டை மட்டும் ஒட்டப் பத்து நிமிஷம் ஆகாது. உட்கார்ந்து பீடி குடித்தேன்.

மூன்றாவது ஞாயிறு

அந்த இடம் வந்தது. கிணற்றடியிலிருந்து படம் ஒரு குதி குதித்துக் கல்யாண வீட்டுக்குப் போய்விட்டது. ஜனத்துக்குத் தெரியவில்லை. மதினியின் தலை மட்டும் பக்கவாட்டில் திரும்பி ஆயிஷா அக்காவைப் பார்த்தது. மறுபடி திரையைப் பார்த்தது. கடைசி வரைக்கும் அப்படியே இருந்தது. அப்பா செத்தார். ஹால் பூராவும் வெள்ளை எழும்பியது. வரதராஜன் எழுதியிருக்கிறாரே, அந்த அழுகை. அதன் நடுவில் ஒரு தலை மட்டும் அசையாமல் இருந்தது.

படியில் காத்திருந்தாள். "துண்டு தேடுத ஆளு வரலியே தம்பி" என்றாள்.

பிலிம் அறுந்து கருகிவிட்டது மதினி என்றேன். முழுசுமா என்று கேட்டாள். முழுசும் என்றேன். வேறு ஊரில் போடுகிற படத்தில் இருக்குமா என்று கேட்டாள். இருக்காது என்றேன். எத்தனை கேள்வி கேட்டாளோ அத்தனைக்கும் பொய் சொன்னேன். டப்பா எனக்கு மேலே பதினைந்து படி தள்ளி இருந்தது.

"அப்பம் இனி கூப்பிட மாட்டாவ" என்றாள். ஸ்டெல்லாவை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு வெயிலில் இறங்கி நடந்தாள்.

நாலாவது ஞாயிறு அவள் வரவில்லை. சபைக்குப் போனாள். திருந்திவிட்டாள் என்று பேசிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு இன்றுவரை அவள் அழுது நான் பார்த்ததில்லை.

படம் திரும்பிப் போனபோது நான் காய்ச்சலில் படுத்துவிட்டேன். வேறு ஆள் கட்டி அனுப்பினான். துண்டுகளை ஒட்டினானா, டப்பாவைக் குப்பையில் போட்டானா, எனக்குத் தெரியாது. போய்க் கேட்கவும் இல்லை.

தாணேயில் நடந்தது

மதினி இப்போது தாணேயில் மகளோடு இருக்கிறாள். ஸ்டெல்லா பம்பாயில் வளர்ந்த பெண். தமிழ் பேசுவாள், எழுத்துக்கூட்டிப் படிப்பாள். சில மாதத்துக்கு முன் அம்மாவுக்காகத் தேடிப் பிடித்து அந்தப் படத்தின் வீடியோ காஸட் வாங்கி வந்திருக்கிறாள். அம்மா சொன்ன துண்டு தேடுகிற காட்சி அதில் இல்லை. வண்டிக்காரன் வருகிறான், இரண்டு வசனம் பேசுகிறான், போய்விடுகிறான். காஸட்டில் விட்டிருப்பார்கள் என்று இருவரும் சமாதானப்பட்டார்கள்.

அப்புறம் வரதராஜன் கடிதம் வந்தது. ஓர் அடிகூட வெட்டவில்லை. அதை ஸ்டெல்லாதான் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள். வாசித்துவிட்டு, "வோ சீன் தா ஹி நஹீ, மா. அந்த சீனே கெடயாது. அப்பா போன துக்கத்துல நீயா நெனச்சுக்கிட்டே" என்று சொல்லியிருக்கிறாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அம்மாவின் தலையைத் தடவிக்கொண்டே சொல்லியிருக்கிறாள். அப்படித் தடவிச் சொன்னதுதான் மதினியைப் பயமுறுத்திவிட்டது.

போன ஞாயிறு நான் போனபோது அவள் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "தம்பி, அந்த ஆளு நெசமாவே கூப்பிட்டானா? இல்ல, நாந்தான் சும்மா கேட்டுக்கிட்டனா?"

எல்லாவற்றையும் சொன்னேன். கத்தரிக்கோல், டப்பா, பீடி, ஒன்று விடாமல். அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

அவள் சிரித்தாள். "அன்னைக்கும் என் மனசு நோவக்கூடாதுன்னுதான கருகிட்டுன்ன. இன்னைக்கும் அதுக்குத்தான் சொல்லுத" என்றாள்.

ஒருதரம் பொய் சொன்னவன் வாயால் உண்மை வந்தாலும் அது ஆறுதலுக்குக் கொடுக்கிற மருந்து மாதிரிதான் இறங்குகிறது. ஆயிஷா அக்கா போய்ச் சேர்ந்து வெகு காலம் ஆகிறது. அந்த மூன்று நிமிஷத்தை பார்த்து, பேச்சைக் கேட்டு, ரூமுக்கு வந்து வேண்டாம் என்று சொன்னவர் இன்னும் ஒருவர்தான் உயிரோடு இருக்கிறார்.

வரதராஜன் சார், வெட்டிய பழி முழுவதையும் என் பேரில் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் சங்கத்தின் பெயருக்கு ஒன்றும் வேண்டாம். கடிதம் எனக்கு எழுத வேண்டாம், போனும் வேண்டாம். இதே பத்திரிகையில், எல்லாரும் பார்க்கிற பக்கத்தில் எழுதுங்கள். அந்தப் படத்தில் ஒரு வண்டிக்காரன் வாசலில் நின்று மூன்று தரம் ஏளா என்று கூப்பிட்டானா, இல்லையா? எழுத்துக்கூட்டித்தான் ஸ்டெல்லா வாசிப்பாள். சின்ன வாக்கியமாக எழுதுங்கள்.